கடைசி சீட் யாருக்கு? பல நோடுகளுக்கு நடுவே தரவைப் பகிர ஆறு வழிகள்

எர்லாங், ஈலிக்ஸிர் ஆகிய ஃபங்ஷனல் மொழிகளில் எழுதி ஒரே செர்வரில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த புரோகிராமை மூன்று செர்வர்களுக்கு விரிக்கும்போது எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். இதுவரை ஒரு மெமரியில் இருந்த தகவலை இனி எங்கே வைப்பது? ஒரு புரோசஸிடம் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஒரு சிறு வேலையாளிடம்) கொடுத்துவைப்பதா, ஒவ்வொரு நோடிலும், அதாவது புரோகிராம் ஓடும் ஒவ்வொரு செர்வரிலும், நகல் வைப்பதா, எர்லாங்கின் சொந்தத் தரவுத்தளமான ம்னீசியாவா, நகல்கள் தாமாகவே இணையும் தரவு வகையான சிஆர்டிடியா, பெரும்பான்மை ஒப்புதலோடு எழுதும் ராஃப்ட்டா, பேசாமல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் போட்டுவிடுவதா? ஒவ்வொன்றுக்கும் பரிந்து பேச ஆள் இருக்கிறார்கள். அவரவர் சொல்வது அவரவர் கையில் இருக்கும் தரவுக்குச் சரியாகவும் இருக்கிறது. குழப்பமே அங்கேதான்.

கருவிகளை ஒப்பிடுவதற்கு முன் தரவை வகை பிரிக்க வேண்டும் என்பது என் கட்சி. ஒரே புரோகிராமுக்குள் மூன்று வகைத் தரவு இருந்தால் மூன்று வழிகள்கூடத் தேவைப்படலாம். அதனால் கட்டுரை முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்கிறேன்: மூன்று நோடுகளில் ஓடும் ஒரு பஸ் முன்பதிவுத் தளம். அதில் பகிர வேண்டியவை நான்கு. எந்த சீட் யாருக்கு என்ற விவரம். நாளுக்கு ஓரிரு தடவை மட்டும் மாறி, நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை படிக்கப்படும் கட்டணப் பட்டியல். 'இந்த பஸ்ஸை இப்போது இத்தனை பேர் பார்க்கிறார்கள்' என்று திரையில் ஓடும் எண். பணம் கட்டி முடிக்கும்வரை ஒரு சீட்டை 10 நிமிடம் பிடித்து வைக்கும் தற்காலிகக் குறிப்பு.

## மாறாத மதிப்பு எதுவரை காப்பாற்றும்

ஃபங்ஷனல் மொழிகளில் ஒரு மதிப்பு பிறந்த பிறகு மாறுவதில்லை. அதனால் அசலுக்கும் நகலுக்கும் வித்தியாசம் கிடையாது. எர்லாங் புரோகிராமை ஓட்டும் பீம் இயந்திரத்தில் ஒவ்வொரு புரோசஸுக்கும் தனி ஹீப், அதாவது தனி மெமரிப் பகுதி. ஒரு புரோசஸ் இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பினால் அது நகலெடுத்துத்தான் போகும். 64 பைட்டுக்கு மேற்பட்ட பைனரி (பைட்டுகளின் தொகுப்பு) போன்ற சில மட்டும் அதே நோடுக்குள் நகலாகாமல் பொதுவில் இருக்கும். எது நகலானது, எது பொதுவில் இருக்கிறது என்று புரோகிராமால் கண்டுபிடிக்கவே முடியாது. அடுத்த புரோசஸுக்கு அனுப்புவதும் அடுத்த ஊரில் இருக்கும் நோடுக்கு அனுப்புவதும் ஒரே மாதிரி எழுத முடிவதற்கு இதுதான் காரணம்.

ஆனால் மாறாத மதிப்பு பாதிப் பிரச்சினையைத்தான் தீர்க்கிறது. '12ஆம் எண் சீட் காலி' என்ற மதிப்பு மாறாது, சரி. 12ஆம் எண் சீட்டின் இப்போதைய நிலை எது என்ற கேள்விக்கான பதில் மாறிக்கொண்டே இருக்கும். அந்தப் பதிலை யார் சொல்வது என்பதில்தான் ஆறு வழிகளும் வேறுபடுகின்றன.

ஹாஸ்கெல் என்ற ஃபங்ஷனல் மொழிப் பக்கம் இருப்பவர்கள், முழுதாக நடக்கும் அல்லது நடக்கவே நடக்காது என்ற விதத்தில் மெமரியை மாற்றும் எஸ்டிஎம் இருக்கிறதே என்பார்கள். டிம் ஹாரிஸ், சைமன் மார்லோ, சைமன் பெய்டன் ஜோன்ஸ், மாரிஸ் ஹெர்லிஹி ஆகியோர் 2005இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது அது. ஒரே மெஷினுக்குள் மெமரியைப் பகிர அதைவிட நேர்த்தியான வழியை நான் பார்த்ததில்லை. ஆனால் அது மெஷினின் எல்லையைத் தாண்டாது. ஹாஸ்கெல்லைப் பல நோடுகளில் ஓட்ட 2011இல் வந்த கிளவுட் ஹாஸ்கெல் இதை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டது. வேறு நோடுக்கு அனுப்பக்கூடியவை எவை என்று டைப்புகளை வகைப்படுத்தும் ஒரு டைப் கிளாஸ் வைத்தார்கள். மெமரியில் ஓர் இடத்தைச் சுட்டும் எம்வார், டீவார் இரண்டையும் அதில் சேர்க்கவில்லை. அனுப்பப் பார்த்தால் புரோகிராம் கம்பைலே ஆகாது. இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இதற்கு எதிர்த்திசையிலும் போய்ப் பார்த்திருக்கிறார்கள். பல கம்ப்யூட்டர்களின் மெமரியை ஒரே மெமரிபோலக் காட்டுவது எப்படி என்று காய் லீயும் பால் ஹூடாக்கும் 1989இல் எழுதினார்கள். அதே ஹூடாக் ஹாஸ்கெல்லை வடிவமைத்த குழுவிலும் இருந்தவர். யோசனை அழகானதுதான். ஆனால் சொந்த மெமரியைப் படிக்கச் சுமார் 100 நானோநொடி. ஒரே டேட்டா சென்டருக்குள் போய்வரச் சுமார் அரை மில்லிநொடி. 5,000 மடங்கு. அதோடு, எதிர்முனை மெஷின் பாதியில் நின்றுபோனால் 'மெமரியைப் படி' என்ற கட்டளைக்கு என்ன பதில் வரும்? அதைச் சொல்ல அந்த வடிவத்தில் இடமே இல்லை. அதனால் கீழே வரும் வழிகள் எதுவும் நெட்வொர்க் இல்லாததுபோல நடிக்கப்போவதில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல்: நோடுகளுக்கு நடுவே இணைப்பு அறுந்தால் என்ன ஆகும், அப்போது தரும் தப்பான பதிலுக்கு என்ன விலை? எரிக் ப்ரூவர் 2000இல் முன்வைத்து, கில்பர்ட்டும் லிஞ்ச்சும் 2002இல் நிரூபித்த சிஏபி தேற்றம் சொல்வது இதைத்தான்: பிளவு நேரத்தில் ஒன்று பதில் சொல்ல மறுக்க வேண்டும், அல்லது பழைய பதிலைச் சொல்லும் துணிச்சல் வேண்டும். பார்வையாளர் எண்ணிக்கை தப்பினால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒரே சீட்டை இரண்டு பேருக்கு விற்றால் ராத்திரி 10 மணிக்குக் குழந்தையோடு வந்து நிற்கும் ஒரு குடும்பம் பஸ் ஏற முடியாமல் போகும். இந்த அளவுகோலுக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக எடை கொடுங்கள்.

அடுத்தது, படிப்பதும் எழுதுவதும் என்ன விகிதத்தில் நடக்கின்றன, எவ்வளவு பெரிய தரவு என்பது. மூன்றாவது, ஒரு நோடு செத்தால் அதோடு போகலாமா, டிஸ்க்கில் பிழைத்திருக்க வேண்டுமா. கடைசியாக, இதை இயக்கிப் பராமரிக்கும் பாரம்: நோடைக் கூட்டுவது, குறைப்பது, புது வெர்ஷன் ஏற்றுவது.

வெர்ஷன் விஷயம் ஆறு வழிகளுக்கும் பொதுவான ஒரு மறைமுகச் செலவு. மூன்று நோடுகளுக்கும் ஒவ்வொன்றாகப் புதுக் கோட் ஏற்றும்போது கொஞ்ச நேரமாவது பழையதும் புதியதும் சேர்ந்து ஓடும். புது நோடு அனுப்பும் டியூப்பிளில் (மதிப்புகளின் தொகுப்பில்) ஓர் உறுப்பு கூடுதலாக இருந்தால் பழைய நோடில் பேட்டர்ன் பொருந்தாமல் புரோசஸ் விழும். ஒரே மெஷினுக்குள் இந்தத் தொல்லை அவ்வளவாகத் தெரியாது என்பதால் முதல்முறை எல்லோரும் இதில் சிக்குகிறார்கள். அனுப்பும் ஒவ்வொரு செய்தியிலும் ஒரு வெர்ஷன் எண் வைப்பது மலிவான காப்பு.

## வழி 1: ஒரு புரோசஸ்தான் சொந்தக்காரர்

எர்லாங்கின் இயல்பான வழி இது. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு ஜென்சர்வர், அதாவது கேள்வி வாங்கிப் பதில் சொல்லும் ஒரு புரோசஸ். அந்தப் பயணத்தின் சீட் விவரம் அதன் கையில் மட்டும். எந்த நோடிலிருந்து கேட்டாலும் கேள்வி அதனிடம்தான் போய்ச் சேரும், அது ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொல்லும். கடைசி சீட்டுக்கு இரண்டு பேர் ஒரே கணத்தில் வந்தாலும் ஒருவருடைய செய்திதான் முதலில் கையில் எடுக்கப்படும். லாக் போட வேண்டிய தேவையே இல்லை. கேள்வியும் பழைய நிலையும் உள்ளே போகின்றன, பதிலும் புதிய நிலையும் வெளியே வருகின்றன. அந்த ஃபங்ஷனை நெட்வொர்க்கும் புரோசஸும் இல்லாமலே சோதித்துவிடலாம். டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியினரும் 2017இல் தங்கள் அமைப்பை விவரித்தபோது ஒவ்வொரு சமூகத்துக்கும் ஓர் ஈலிக்ஸிர் புரோசஸ் என்ற இந்த ஏற்பாட்டைத்தான் சொன்னார்கள்.

இனி மறைமுகச் செலவு. இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் தொடங்கும் இடமும் அடிபடும் இடமும் இதுதான்.

ஒன்று, வரிசை. செய்திகள் காத்திருக்கும் மெயில்பாக்ஸுக்கு உச்சவரம்பு கிடையாது. தீபாவளி முன்பதிவு திறந்த நிமிடத்தில் ஒரே பயணத்துக்குக் கேள்விகள் குவிந்தால் வரிசை நீண்டுகொண்டே போகும், மெமரியும் ஏறும். ஜென்சர்வரிடம் கேள்வி கேட்கும் 'கால்' (call) என்ற அழைப்பு இயல்பாக 5,000 மில்லிநொடி காத்திருக்கும். அதற்குள் பதில் வராவிட்டால் கேட்டவர் விழுந்துவிடுவார். கேள்வி மட்டும் வரிசையிலேயே இருக்கும். சொந்தக்கார புரோசஸ் ஆறாவது நொடியில் அதை எடுத்து சீட்டைக் கொடுத்தும்விடும், வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல். ஆக, டைம் அவுட் வந்தால் 'நடக்கவில்லை' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, 'நடந்ததா இல்லையா தெரியாது' என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் முன்பு சொன்ன பதிலையே திருப்பிச் சொல்லும்படி எழுதுங்கள்.

இரண்டு, பிளவு. அந்தப் புரோசஸை எல்லா நோடுகளும் கண்டுபிடிக்க குளோபல் என்ற மாட்யூலில் பெயர் பதிவது வழக்கம். முதல் நோடுக்கும் மற்ற இரண்டுக்கும் இடையே ஸ்விட்ச் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எதிர்நோடு போய்விட்டது என்று எர்லாங் முடிவுசெய்ய, இயல்பான அமைப்பில் 45 முதல் 75 நொடி ஆகும். அதுவரை கேள்விகள் டைம் அவுட் ஆகும். அதற்குப் பிறகுதான் ஆபத்து: அந்தப் பெயரில் யாரும் இல்லை என்று பார்த்து மறுபக்கம் ஒரு புதிய சொந்தக்காரரைத் தொடங்கிவிடும். இப்போது ஒரு பயணத்துக்கு இரண்டு பேர், இருவரும் சீட் விற்கிறார்கள். இணைப்பு திரும்பியதும் குளோபல் ஒரே பெயரில் இருவரைப் பார்த்து, வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் குருட்டாம்போக்கில் ஒருவரைக் கொன்றுவிடும். அவர் விற்ற சீட்டுகளின் கணக்கும் அவரோடு போகும். எர்லாங்கோடு வரும் ஓடிபி என்ற தொகுப்பின் 25ஆம் பதிப்பு முதல், பிளவுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் குளோபல் பார்த்துக்கொள்கிறது; அது நல்ல மாற்றம்தான், ஆனால் இரண்டு சொந்தக்காரர்கள் வருவதை அது தடுப்பதில்லை.

மூன்று, சாவு. புரோசஸ் விழுந்தால் அதைக் கண்காணிக்கும் சூப்பர்வைசர் உடனே எழுப்பும், வெறுங்கையோடு. நிலையை எங்கிருந்து மீட்பது என்பதற்கு நீங்கள்தான் வழி எழுத வேண்டும்.

எப்போது எடுக்கலாம்: தரவு இயல்பாகவே சிறு சிறு துண்டுகளாகப் பிரியும்போது. ஒரு பயணம், ஒரு அரட்டை அறை, ஒரு விளையாட்டு மேசை. அந்தத் துண்டு தொலைந்தால் மீட்கவோ விட்டுவிடவோ முடியும்போது. 10 நிமிடப் பிடிப்புக்கு இது கச்சிதம்; தொலைந்தால் பயணி இன்னொரு முறை தட்டுவார், அவ்வளவுதான்.

## வழி 2: ஒவ்வொரு நோடிலும் ஈடிஎஸ் நகல்

ஈடிஎஸ் என்பது நோடின் மெமரிக்குள் இருக்கும் அட்டவணை. அந்த நோடின் எந்தப் புரோசஸும் வரிசையில் நிற்காமல் படிக்கலாம். நோடைத் தாண்டி அது போகாது. அதனால் ஒவ்வொரு நோடிலும் ஒன்று வைத்து, மாற்றம் வரும்போது பப்சப் என்ற அறிவிப்பு முறை வழியாக எல்லோருக்கும் அறிவிப்பது வழக்கம்.

படிக்கும் வேகத்தில் இதற்கு ஈடில்லை. ஆனால் ஒவ்வொரு முறை படிக்கும்போதும் அந்த வரி முழுவதும் கேட்ட புரோசஸின் ஹீப்புக்கு நகலாகிறது. கட்டணப் பட்டியல் முழுவதையும் ஒரே பெரிய மேப்பாக ஒரே வரியில் வைத்துவிட்டு, ஒரு கட்டணத்தைப் பார்க்க மொத்தத்தையும் நகலெடுத்து, ஈடிஎஸ் மெதுவாக இருக்கிறது என்று புலம்பும் கோட்கள் நிறைய. வரி வரியாகப் பிரித்து வையுங்கள். அரிதாகவே மாறும் பெரிய தரவுக்கு ஓடிபி 21.2இல் வந்த பெர்சிஸ்டென்ட் டெர்ம் இருக்கிறது. அதில் படிக்க நகலே வேண்டாம். அதன் விலை எழுதும்போது தெரியும்: ஒரு மதிப்பை மாற்றினால், பழைய மதிப்பை யாராவது பிடித்திருக்கிறார்களா என்று நோடில் இருக்கும் எல்லாப் புரோசஸ்களையும் சோதிக்க வேண்டியிருக்கும். நிமிடத்துக்கொரு முறை மாறும் தரவை அதில் போட்டால் நோடு திணறும்.

பெரிய குழி வேறு இடத்தில். எர்லாங்கில் ஒரு புரோசஸிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் செய்திகள் அனுப்பிய வரிசையில்தான் சேரும். இரண்டு பேர் மூன்றாமவருக்கு அனுப்பினால் அந்த உத்தரவாதம் இல்லை. இரண்டு நோடுகள் ஒரே கட்டணத்தை ஒரே நேரத்தில் மாற்றினால், ஓரிடத்தில் முதல் மாற்றம் கடைசியாக வந்து சேரும், இன்னோரிடத்தில் இரண்டாவது. அதற்குப் பிறகு இரண்டு நோடுகளும் காலமெல்லாம் வெவ்வேறு கட்டணம் சொல்லும், எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல். எனவே எழுதுவது ஓரிடத்திலிருந்து மட்டும் நடக்கட்டும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏறும் எண் கொடுங்கள். அறிவிப்பைத் தவறவிட்ட நோடுக்காகச் சில நிமிடங்களுக்கு ஒரு முறை முழுப் பட்டியலையும் ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். அட்டவணையைத் திறந்த புரோசஸ் செத்தால் அட்டவணையும் போய்விடும், அதனால் அதைச் சூப்பர்வைசருக்குப் பக்கத்திலேயே வேறு வேலை எதுவும் இல்லாத ஒரு புரோசஸிடம் கொடுங்கள்.

எப்போது எடுக்கலாம்: எழுதுபவர் ஒருவர், படிப்பவர் ஆயிரம், சில நொடி பழைய பதில் பரவாயில்லை என்ற இடத்தில்.

## வழி 3: ம்னீசியா

எரிக்சனில் டெலிகாம் வேலைக்காகப் பிறந்தது, எர்லாங்கோடு சேர்ந்தே வருவது. முதலில் அம்னீசியா என்று பெயர் வைத்தார்களாம். மறதி நோயின் பெயரைத் தரவுத்தளத்துக்கு வைக்கலாமா என்று மேலிடத்தில் ஆட்சேபம் வந்ததால் முதல் எழுத்து போனது. எர்லாங் டெர்மை, அதாவது எர்லாங்கின் எந்த மதிப்பையும், அப்படியே சேமிக்கலாம், பல நோடுகளில் நகல் வைக்கலாம், டிரான்சாக்‌ஷன் உண்டு, டிஸ்க்கிலும் எழுதும். எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பதால் முதல் பார்வையில் இதுதான் விடை என்று தோன்றும்.

இரண்டு எச்சரிக்கைகள். டிரான்சாக்‌ஷனுக்குள் கொடுக்கும் ஃபங்ஷன் லாக் கிடைக்காமல் மறுபடி மறுபடி ஓடலாம். அதற்குள் எஸ்எம்எஸ் அனுப்பும் வரியை எழுதியிருந்தால் பயணிக்கு இரண்டு எஸ்எம்எஸ் போகும். ஹாஸ்கெல்லின் எஸ்டிஎம்மில் இதை டைப்பே தடுத்துவிடும். இங்கே உங்கள் கவனம் ஒன்றுதான் காவல்.

அடுத்தது பிளவு. இயல்பான அமைப்பில் இரு பக்கமும் தொடர்ந்து எழுதும். இணைப்பு வந்ததும் தரவு முரண்படுகிறது என்று ம்னீசியா அறிவிக்கும், அதற்கு மேல் தானாக எதையும் இணைக்காது. எந்தப் பக்கம் தலைமை என்று நீங்கள் சொல்ல வேண்டும். மறுபக்கம் எழுதியது போய்விடும். பெரும்பான்மை பக்கம் மட்டும் எழுதலாம் என்று அட்டவணைக்கு அட்டவணை அமைக்க வழி இருக்கிறது, அதைக் கட்டாயம் போடுங்கள். எர்லாங்கில் எழுதப்பட்ட செய்தி வரிசை மென்பொருளான ராபிட்எம்க்யூ பல ஆண்டுகள் தன் அமைப்புத் தகவலை ம்னீசியாவில் வைத்திருந்து, பிளவுகளைக் கையாள்வதில் பட்ட சிரமத்தால் ராஃப்ட் அடிப்படையிலான கெப்ரி என்ற சேமிப்பகத்தை எழுதி அதற்கு மாறியது. எர்லாங்கை இவ்வளவு நன்றாக அறிந்த குழுவே நகர்ந்தது என்பது எனக்குப் பெரிய சாட்சி.

எப்போது எடுக்கலாம்: நோடுகள் ஒரே ரேக்கில் நிலையாக இருந்து, எண்ணிக்கை அடிக்கடி மாறாமல், வெளியே தனித் தரவுத்தளம் வைக்க முடியாத கருவிகளில். தானாகப் பெருகிச் சுருங்கும் கன்டெய்னர் சூழலில் புதிதாகத் தொடங்குபவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

## வழி 4: சிஆர்டிடி

2011இல் மார்க் ஷப்பிரோ, நூனோ ப்ரெகுயிசா, கார்லோஸ் பகேரோ, மாரெக் ஜவிர்ஸ்கி ஆகியோர் ஒழுங்குபடுத்திக் கொடுத்த யோசனை. ஃபங்ஷனல் மனம் உள்ளவர்களுக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு, ஏனென்றால் பாதுகாப்பு முழுவதும் ஒரு ஃபங்ஷனின் குணத்திலிருந்து வருகிறது.

எளிய எண்ணியை எடுத்துக்கொள்வோம். மூன்று நோடுகளுக்கும் ஆளுக்கொரு கட்டம். ஒரு நோடு தன் கட்டத்தை மட்டும்தான் கூட்டலாம். முதல் நோடு 5, இரண்டாவது 3, மூன்றாவது 4 என்றால் மொத்தம் 12. இரண்டு நகல்கள் சந்தித்தால் கட்டத்துக்குக் கட்டம் எது பெரியதோ அதை எடுத்துக்கொள்ளும். எந்த வரிசையில் சந்தித்தாலும், எப்படிக் கூட்டுச் சேர்த்தாலும், ஒரே செய்தி இரண்டு முறை வந்தாலும் விடை மாறாது. லாக் இல்லை, தலைவர் இல்லை, இணைப்பு அறுந்தாலும் ஒவ்வொரு பக்கமும் தன் வேலையைத் தொடரும், சேர்ந்ததும் சரியாகிவிடும்.

ஈலிக்ஸிரின் வலைத்தளக் கட்டமைப்பான ஃபீனிக்ஸின் பிரசன்ஸ் வசதி 2016இல் 1.2 பதிப்பில் வந்தது. அது இந்த வகைத் தொகுதி ஒன்றின் மேல்தான் நிற்கிறது. பார்வையாளர் எண்ணிக்கைக்கு வெறும் எண்ணி போதாது, ஏனென்றால் ஒரு நோடு செத்தால் அதன் பார்வையாளர்களைக் கழிக்க ஆள் இருக்காது. பிரசன்ஸ் யார் யார் இருக்கிறார்கள் என்ற தொகுதியையே வைத்துக்கொள்கிறது. நோடு போனால் அந்த நோடின் ஆட்களை மொத்தமாக எடுத்துவிடுகிறது.

எதற்கு உதவாது என்பதையும் அதே உதாரணத்தில் பார்க்கலாம். 40 சீட் பஸ், ஒரு சீட் மிச்சம், இணைப்பு அறுந்திருக்கிறது. இரண்டு பக்கமும் 'ஒன்று இருக்கிறது' என்று பார்த்து விற்கின்றன. இணைப்பு வந்ததும் சிஆர்டிடி எந்தத் தயக்கமும் இல்லாமல் இணைத்து 41 பயணிகளைக் காட்டும். கணக்குப்படி அது சரி. 'இதற்கு மேல் போகக் கூடாது' என்ற விதியை எல்லோரையும் கேட்காமல் காப்பாற்ற முடியாது. தப்பிக்க ஒரு வழி உண்டு: ரயிலில் கோட்டா ஒதுக்குவதுபோல ஒவ்வொரு நோடுக்கும் முன்கூட்டியே சில சீட்டுகளை ஒதுக்கிவிடுவது. தன் கோட்டா தீரும்வரை யாரையும் கேட்காமல் விற்கலாம், தீர்ந்தபின்தான் மற்றவரிடம் கேட்க வேண்டும். சரக்கு இருப்பு போன்ற, எந்த அலகாக இருந்தாலும் ஒன்றுதான் என்ற இடத்தில் இது அருமையாக வேலை செய்யும். ஜன்னல் சீட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பயணியிடம் 'இது வேறு நோடின் கோட்டா' என்று சொல்ல முடியாது.

மறைமுகச் செலவு இரண்டு. நீக்கியதை நினைவில் வைக்கக் குறிப்புகள் சேரும். கன்டெய்னர் சூழலில் ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் நோடுக்குப் புதுப் பெயர் வந்தால், செத்த நோடுகளின் கட்டங்கள் குவிந்துகொண்டே போகும். நிலையான பெயர் கொடுப்பதோ பழையதைக் கழிப்பதோ உங்கள் பொறுப்பு. அப்புறம், 'கடைசியாக எழுதியது வெல்லும்' என்ற வகையை எடுக்கும்போது கவனம்: எது கடைசி என்பதை மெஷினின் கடிகாரம் தீர்மானிக்கிறது. ஒரு நோடின் கடிகாரம் இரண்டு நொடி முந்தி ஓடினால், மற்ற நோடில் அந்த இடைவெளியில் உண்மையிலேயே பிந்தி எழுதியது சத்தமில்லாமல் காணாமல் போகும்.

எப்போது எடுக்கலாம்: பிளவு நேரத்திலும் எழுத வேண்டும், தப்பு தற்காலிகமாக இருந்தால் போதும், உச்சவரம்பு விதி இல்லை என்ற மூன்றும் சேர்ந்தால்.

## வழி 5: ராஃப்ட்

டியகோ ஓங்காரோவும் ஜான் ஓஸ்டர்ஹௌட்டும் 2014இல் வெளியிட்ட இந்த முறையில் ஒரு தலைவர். எழுதும் ஒவ்வொன்றும் பெரும்பான்மை நோடுகளின் பதிவேட்டில் ஏறிய பிறகுதான் 'ஆயிற்று' என்ற பதில் வரும். 3 நோடில் 1 போனாலும் ஓடும், 5இல் 2 போனாலும் ஓடும். 2 நோடு வைப்பதில் பயனில்லை. ஒன்று போனால் மற்றதும் எழுத மறுக்கும். பிளவில் சிறுபான்மைப் பக்கம் நின்றுவிடும், அதனால் எழுதும் உரிமை இரண்டு பேரிடம் போகாது. எர்லாங் உலகில் ராபிட்எம்க்யூ குழு எழுதிய ரா என்ற லைப்ரரி இருக்கிறது, ராபிட்எம்க்யூவின் 3.8 பதிப்பில் வந்த குவோரம் க்யூக்கள் அதன் மேல்தான் ஓடுகின்றன.

ஃபங்ஷனல் பழக்கம் இங்கே நேரடியாகக் கை கொடுக்கும். ஒவ்வொரு நோடும் ஒரே பதிவேட்டை ஒரே வரிசையில் படித்து ஒரே நிலைக்கு வர வேண்டும். எனவே நிலையை மாற்றும் ஃபங்ஷனுக்குள் கடிகாரம் பார்க்கக் கூடாது, ரேண்டம் எண் எடுக்கக் கூடாது, வெளியே எதையும் கேட்கக் கூடாது. நேரம் தேவை என்றால் கட்டளையோடு சேர்ந்து உள்ளே வர வேண்டும். ராவில் 'செய்தி அனுப்பு' போன்ற வெளி வேலைகளை அந்த ஃபங்ஷன் செய்வதில்லை. செய்ய வேண்டியவற்றின் பட்டியலை மதிப்பாகத் திருப்பிக் கொடுக்கும், தலைவர் நோடு அதை நிறைவேற்றும். மற்ற மொழிகளில் விதியாக எழுதிவைத்தும் மீறப்படும் இந்த ஒழுங்கை நாம் பழக்கத்திலேயே கடைப்பிடிக்கிறோம்.

செலவு: ஒவ்வொரு எழுத்துக்கும் நெட்வொர்க் சுற்று, டிஸ்க் எழுத்து. பதிவேடு வளராமல் இடையிடையே அப்போதைய நிலையின் ஸ்னாப்ஷாட் எடுக்க வேண்டும். நோடுகளைக் கூட்டுவதும் குறைப்பதும் நிதானமாகச் செய்ய வேண்டிய காரியம். எல்லோரும் மறப்பது இது: அந்த ஃபங்ஷனின் தர்க்கத்தை மாற்றி, பழைய பதிவேட்டைப் புதுக் கோட் படித்தால் வேறு நிலை வரும். நோடுக்கு நோடு நிலை பிரிந்துவிடும். அதனால்தான் ராவில் அந்த ஃபங்ஷனுக்கு வெர்ஷன் எண் கொடுக்கும் வசதி இருக்கிறது.

எப்போது எடுக்கலாம்: தரவு சிறியது, தப்பவே கூடாது, வெளித் தரவுத்தளத்தை நம்ப முடியாது அல்லது நீங்களே ஒரு தரவுத்தளம் போன்றதை எழுதுகிறீர்கள் என்றால்.

## வழி 6: போஸ்ட்கிரெஸ்

உங்களிடம் ஏற்கெனவே போஸ்ட்கிரெஸ் ஓடுகிறது என்றால், சீட் விவரத்துக்கு இதுதான் என் விடை. பயணமும் சீட் எண்ணும் சேர்ந்து ஒரே ஒரு முறைதான் வரலாம் என்று ஒரு யுனீக் கட்டுப்பாடு. இரண்டு நோடுகள் ஒரே சீட்டை எழுதினால் ஒன்றுக்குப் பிழை வரும். வழி 1இல் நான் சொன்ன இரண்டு சொந்தக்காரர்கள் வந்தாலும் இந்த ஒரு வரி பயணியைக் காப்பாற்றும். கணெக்‌ஷன் பூல் நிரம்புவது, தரவுத்தளமே நின்றால் எல்லாம் நிற்பது, ரெப்ளிக்காவிலிருந்து (நகல் தரவுத்தளத்திலிருந்து) படித்தால் பழைய பதில் வருவது ஆகியவை செலவு. எல்லாமே ஏற்கெனவே பலரும் பட்டு, மருந்து கண்டுபிடித்த நோய்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | இணைப்பு அறுந்தால் | படிக்க | எழுத | நோடு செத்தால் |
|---|---|---|---|---|
| ஒரே புரோசஸ் | இரண்டு சொந்தக்காரர் வரலாம் | நெட்வொர்க் சுற்று, வரிசை | அதே | தரவு போகும் |
| ஈடிஎஸ் நகல் | பழைய பதில் தரும் | மிக வேகம் | வேகம், எழுதுபவர் ஒருவரே | மற்ற நகல்கள் இருக்கும் |
| ம்னீசியா | முரண்படும்; பெரும்பான்மை அமைப்பில் சிறுபான்மை எழுதாது | வேகம் | லாக், எல்லா நகலுக்கும் சுற்று | நகலும் டிஸ்க்கும் காக்கும் |
| சிஆர்டிடி | இரு பக்கமும் எழுதும், பின்பு இணையும் | மிக வேகம் | மிக வேகம் | பரவியவரை பிழைக்கும் |
| ராஃப்ட் | சிறுபான்மை நிற்கும் | தலைவரைக் கேட்க வேண்டும் | பெரும்பான்மைச் சுற்று, டிஸ்க் | பெரும்பான்மை இருக்கும்வரை காக்கும் |
| போஸ்ட்கிரெஸ் | எட்ட முடியாத நோடு நிற்கும் | நெட்வொர்க் சுற்று | சுற்று, டிஸ்க் | பாதிப்பில்லை |

நம் பஸ் தளத்துக்கு நான் எடுப்பது: சீட் விவரம் போஸ்ட்கிரெஸ்ஸில். 10 நிமிடப் பிடிப்பு பயணத்துக்கொரு ஜென்சர்வரில். அது சீட்டைக் கொடுப்பது தற்காலிகமாகத்தான், கடைசி வார்த்தை தரவுத்தளத்துடையது. கட்டணப் பட்டியல் போஸ்ட்கிரெஸ்ஸில் எழுதி ஈடிஎஸ்ஸில் படிப்பது. பார்வையாளர் எண்ணிக்கை பிரசன்ஸில். ம்னீசியாவும் ராஃப்ட்டும் இந்தத் தளத்துக்குத் தேவைப்படவில்லை.

## இணைப்பதற்கு முன் பூட்ட வேண்டிய கதவு

பாதுகாப்பு என்று பேசும்போது எல்லோரும் முரண்பாட்டையே நினைக்கிறார்கள். எர்லாங் நோடுகள் ஒன்றையொன்று நம்புவது குக்கி என்ற ஒரே ரகசியச் சொல்லை வைத்து. அது தெரிந்த எந்த நோடும் உள்ளே வந்து எந்த ஃபங்ஷனையும் ஓட்டலாம். பாதி நம்பிக்கை என்ற நிலை கிடையாது. இயல்பாக நோடுகளுக்கு இடையே போகும் தரவு என்கிரிப்ட் ஆவதில்லை. நோடுகளின் முகவரியைச் சொல்லும் ஈபிஎம்டியின் 4369 போர்ட் வெளியே திறந்திருக்கக் கூடாது, நோடுகள் தனி நெட்வொர்க்கில் இருக்க வேண்டும், டேட்டா சென்டரைத் தாண்டினால் டிஎல்எஸ் என்கிரிப்ஷன் போட வேண்டும். நம்பாத இடத்திலிருந்து வரும் பைனரியை டெர்மாக மாற்றும்போது 'சேஃப்' விருப்பத்தைக் கொடுங்கள். இல்லாவிட்டால் புதுப்புது ஆட்டம்களை (atom, எர்லாங்கில் பெயராகவே நிற்கும் மதிப்புகள்) அனுப்பியே நோடை விழவைக்க முடியும். ஆட்டம்களுக்கு இயல்பாக 10,48,576 என்ற வரம்பு உண்டு, ஒரு முறை உருவானவை அழிவதும் இல்லை.

எந்த வழியை எடுத்தாலும் நேரலைக்குப் போகும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். மூன்று நோடுகளை ஏற்றி, ஓயாமல் எழுதும் ஒரு சிறு புரோகிராமை ஒவ்வொன்றுக்கும் எதிரே வையுங்கள்; 'ஆயிற்று' என்று பதில் வந்த ஒவ்வொன்றையும் அது தனி ஃபைலில் குறித்துக்கொள்ளட்டும். லினக்ஸின் ஐபிடேபிள்ஸ் கருவியால் ஒரு நோடின் பாக்கெட்டுகளைத் தடுங்கள். நோடை நிறுத்தக் கூடாது, பாக்கெட்டை மட்டும்தான் தடுக்க வேண்டும். நின்ற நோடு தப்பான பதில் சொல்லாது. 75 நொடி தாண்ட வேண்டும் என்பதால் இரண்டு நிமிடம் காத்திருந்து தடையை எடுங்கள். பிறகு அந்த ஃபைல்களையும் அமைப்பில் மிச்சமிருக்கும் தரவையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். ஃபைலில் இருந்து, அமைப்பில் இல்லாத ஒவ்வொரு வரியும் டிக்கெட் கையில் வைத்துக்கொண்டு பஸ் ஏற முடியாத ஒரு பயணி.